விளக்கு வைக்கக்கூடாத மலை

பாரிஸ் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி முதலில் வடகத்தை எடுத்து முகர்ந்தார். முகம் ஒரு மாதிரி போனது. அடுத்து நல்லெண்ணெய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். அதற்கும் அடியில், உள்பாவாடையில் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த மண் அகலை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது என்ன, சிகரெட் சாம்பல் தட்டற கிண்ணமா?" என்றார்.

"இல்லை முசே. செத்தவங்களுக்கு ஏத்தி வைக்கிறது" என்றேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. தெரிந்த பிரெஞ்செல்லாம் எங்கள் ஊர் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மதாம் வீட்டில் பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்துக் கற்றது. காய்கறி, அழுக்குத் துணி, சூடு, சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்பதெல்லாம் நன்றாக வரும். சாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசினதில்லை. அதனால் "செத்தவங்க" என்பதற்கு "தூக்கி எறிஞ்சவங்க" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தானே அந்த அகலைத் துணியில் சுற்றி, பையில் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டார். அந்த ஊரில் எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

நான் போனது எண்பத்திரண்டில். அந்த வருஷப் பொங்கல் கழிந்து பத்து நாளில், பிரான்சில் ஒரு மலைமேல் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் சேகர் செத்துப் போனான். தந்தியில் "விபத்து" என்று ஒரு வார்த்தை. அங்கேயே புதைத்தும் விட்டார்கள். எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எப்போதோ போய்விட்டார். அவரால் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் பிரெஞ்சு பிரஜை என்கிற பேப்பர் இருந்தது. போகக்கூடிய ஆம்பளை மாமா ஒருத்தர்தான், அவருக்கு அந்தப் பேப்பர் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. மிச்சம் நான்.

பாண்டிச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முறையாகவே செய்தோம். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"இங்க ஏத்தி என்னாடி புண்ணியம்? அவன் படுத்த எடத்துல எவ ஏத்துனா? நீ போயி மூணு ராத்திரி ஏத்து. ஜன்னல ஒரு கையகலம் தொறந்து வையி. வெளிச்சம் வெளிய தெரியணும். அத்த பாத்துதான் புள்ள வந்து நம்மள பாத்துட்டு அப்பால போவும். இல்லாங்காட்டி அந்தப் பனியிலயே அலைஞ்சிக்கினு கெடப்பான்."

அவன் துணிமணியை எடுத்து வரவேண்டும், எப்படிப் போனான் என்று கேட்டு வரவேண்டும். அதெல்லாம் அம்மாவுக்கு இரண்டாவது. விளக்குதான் முதல்.

முதல் நாள் ரயிலிலேயே கோட்டை விட்டேன். பக்கத்தில் ஒரு கிழவி, மடியில் கூடை, கூடைக்குள் பூனை. எனக்கு ஒரு துண்டு சீஸ் கொடுத்தாள். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு துண்டு கொடுத்தாள். அதை விழுங்குகிற கவலையில், வழியில் ஒரு ஸ்டேஷனில் எங்கள் பெட்டியைக் கழற்றி வேறு ரயிலில் மாட்டியதை நான் கவனிக்கவில்லை. பெட்டி கழற்றுவது எனக்குப் புதுசா? விழுப்புரத்தில் பார்க்காததா? ஆனால் அங்கே பத்துப் பேர் கத்துவார்கள், "பாண்டிச்சேரி போறவங்க அந்தப் பொட்டிக்குப் போங்க" என்று. இங்கே ஒரு சத்தம் கிடையாது. பூனை கூடக் கத்தவில்லை. தெரியாத ஊரில் இறங்கி, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தே விடிந்தது.

மறுநாள் சாயங்காலம் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேலே போகிற பஸ் வாரத்துக்கு இரண்டு தடவைதானாம். இரண்டில் ஒன்று நேற்றே போய்விட்டது. ரொட்டி வேன் ஓட்டுகிற ஒருவர் ஏற்றிக்கொண்டார். வேன் முழுக்க நீள ரொட்டி.

"எங்க ஊர்லயும் இதே ரொட்டிதான். காலையில மில்லு சங்கு ஊதறப்ப சைக்கிள்ல வரும்" என்றேன்.

"இந்தியாவிலயா? இதுவா?"

"இதேதான். இதைவிட மொறுமொறுன்னு இருக்கும்."

அவருக்குக் கொஞ்சம் கோபம். நன்றாக இருட்டிவிட்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. கடைசி வளைவுகள் வந்தபோது அவர் கையை நீட்டி வண்டியின் முன்விளக்கை அணைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "முசே! விளக்கு! விளக்கு!"

"இதுக்கு மேல விளக்குப் போடக்கூடாது. அவங்க சட்டம்."

"பள்ளம் தெரியலையே!"

"எனக்கும்தான் தெரியல. கத்தாதம்மா, பயமா இருக்கு."

வண்டி நத்தை மாதிரி ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். சாரத்தில் கரண்ட் போனால் நட்சத்திரம் தெரியும். மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு எண்ணுவோம். இங்கே எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை. யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு அள்ளாமல் போன மாதிரி இருந்தது. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே போனால் இன்னொரு அதிர்ச்சி. மணி ஏழரை. நாலு பேர் உட்கார்ந்து, தூங்கி எழுந்த தலையோடு காபியும் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு விடிந்திருக்கிறது. வானம் பார்க்கிறவர்கள் மாசக் கணக்கில் வந்து தங்குகிற இடமாம் அது. சுற்றி எங்கும் விளக்கு இல்லாத மலையாகத் தேடிப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். கீழே இருக்கிற கிராமம் கூட அவர்களுக்காகக் மாதா கோவில் வாசலில் இருந்த ஒரே விளக்கை அணைத்துவிட்டது.

அதில் பெரியவர் முசே பெர்னார். விரல் நுனி வெட்டிய கையுறை, நாலு நாள் தாடி. என் கையைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை. "உன் அண்ணன் இல்லைன்னா நாங்க இங்க ஒண்ணுமே பாத்திருக்க முடியாது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. "நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் ராத்திரி டூட்டி" என்று அண்ணன் எழுதியிருந்தான். அதை வைத்து அம்மா சாரம் முழுக்க அவனை ஆபீசர் ஆக்கிவிட்டிருந்தாள். சமையல் பார்க்கிற மதாம் ஒதெத்திடம் கேட்டேன், அண்ணனுக்கு என்ன உத்தியோகம் என்று.

"வெளிச்சத்தை அடைக்கிறது" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டு ஜன்னல் கதவும் மூடியிருக்கிறதா, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கசிந்தால் கறுப்புத் துணியால் அடைக்க வேண்டும். விடிய விடிய அதே வேலை. கையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய ஒரு டார்ச். அதையும் தரையைப் பார்த்துத்தான் பிடிக்கலாம். அவ்வளவுதான் என் அண்ணன் ஆபீசர்.

அவனுடைய அறையையே எனக்குக் கொடுத்தார்கள். ஜன்னல் கதவுக்கு உள்பக்கம் அவனே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தான். ஒதெத் அதன் கொக்கியைக் காட்டி, "இதை மட்டும் எதுக்காகவும் திறக்காதே" என்றாள். நான் என் பையைப் பார்த்தேன். அகல் உள்ளே இருந்தது. அன்றைக்கு வாயைத் திறக்கத் தைரியமில்லை. ஏற்றாமலே படுத்துவிட்டேன். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அண்ணனின் பெட்டியைத் திறந்தேன். மேலேயே நான் தைத்து அனுப்பிய லுங்கி. மடிப்புக் கலையாமல் இருந்தது. அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். நாற்பது நாளாக அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது.

கதவுகள் படபடவென்று திறந்தன. பைஜாமாவோடு ஒருவர், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒருவர், கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு முசே பெர்னார். யாரோ என்னைக் கொலை செய்கிறார்கள் என்று நினைத்துக் கையில் விறகுக் கட்டையோடு ஒருவர். மார்பில் அடித்துக்கொள்ளும் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

மில்லில் மூணாவது ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காகப் பகலில் குழந்தைகளைக் கூடக் குசுகுசுவென்று பேச வைக்கிற தெருவில் பிறந்தவள் நான். அதை மறந்துவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சிக்குங்க" என்றேன். "இல்லை, அழு" என்றார் பெர்னார். போய்விட்டார்கள். அப்புறம் எப்படி அழ வரும்?

ஒதெத் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடகம் தாளித்த வாசனை! அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் காட்டினாள். அம்மா உருட்டிக் காயவைத்து அனுப்பிய வடகம். அடியில் அஞ்சாறு உருண்டை மிச்சம்.

"சேகர்தான் கத்துக்கொடுத்தான். இது இல்லாம இப்ப யாரும் என் சூப்பைச் சாப்பிட மாட்டேங்கறாங்க."

பையிலிருந்த வடகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு எப்படிச் செத்தான்னு யாரும் சொல்லலையா?"

"விபத்துன்னு தந்தி வந்துது."

"அதோ, அந்த ஜன்னல்" என்றாள். அடுப்புக்கு மேலே இருந்த ஜன்னல். "அன்னிக்கு நான் கொக்கியைச் சரியாப் போடல. விளக்கையும் அணைக்காம படுக்கப் போயிட்டேன். காத்துல கதவு திறந்துகிச்சு. சேகர் மேலே, நட்சத்திரம் பாக்கற வட்டக் கூடத்துகிட்ட இருந்தான். வெளிச்சத்தைப் பாத்துட்டு ஓடி வந்திருக்கான். டார்ச் கூடப் போடாம. இறங்கற வழி வளைவுல ஐஸ்."

நான் அந்த ஜன்னலின் கொக்கியைப் பார்த்தேன்.

"விடிஞ்சதும் எல்லாரும் தூங்கப் போயிட்டாங்க. அவனும் தூங்கறான்னு நினைச்சோம். சீக்கிரம் இருட்டற நாளு, நாலு மணிக்கே காபி. அதுக்கும் வரல. அப்பத்தான் தேடினோம்."

நாலு மணி. நான் அதையே பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒருத்தன் விழுந்தால் அடுத்த நிமிஷம் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள், இரண்டு பேர் திட்டிக்கொண்டாவது. இங்கே ஒரு பகல் முழுக்க, நல்ல வெயிலில், இத்தனை பேர் கூப்பிடு தூரத்தில் தூங்க, என் அண்ணன் கிடந்திருக்கிறான். "விழுந்ததுமே போயிட்டான்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்றாள் ஒதெத். எனக்குக் காதில் ஏறவில்லை. சூப் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று ராத்திரி தெரிந்தேதான் செய்தேன். அகலைக் கழுவித் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியை ஏற்றி, ஜன்னல் திண்டில் வைத்தேன். கொக்கியை எடுத்தேன். கையகலம் இல்லை, கதவு முழுசையும் திறந்தேன். உங்கள் இருட்டு ஒரு ராத்திரி கெடட்டும் என்றிருந்தது. வெளியே பனிமேல் என் விளக்கின் மஞ்சள் நீளமாக விழுந்தது. "அண்ணா, பாருடா" என்றேன்.

அஞ்சு நிமிஷம் இருக்கும். மேலே ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு தடதடவென்று யாரோ இறங்கி ஓடி வருகிற சத்தம். வெளிச்சம் இல்லை. ஆள் தெரியவில்லை. ஓட்டம் மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் தெரிந்தால் அதை அடைக்க யாராவது ஓடி வருவார்கள். மத்தியானம் ஒதெத் அத்தனை சொல்லியும், அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஓடாதீங்க! வளைவு! வளைவு!" என்று தமிழில் கத்தினேன். பிரெஞ்சு ஒரு வார்த்தை வரவில்லை. சறுக்குகிற சத்தம். பிறகு ஒரு முனகல்.

அகலைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். ஒரு கையால் சுடரை மறைத்தேன். எண்ணெய் விரலில் வழிந்து சுட்டது. வளைவில் முசே பெர்னார் ஒரு காலைப் பள்ளத்துப் பக்கம் தொங்கவிட்டு, வேலிக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எங்கே கால் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஐஸில் உட்கார்ந்து அகலைத் தரைக்கு நேராகப் பிடித்தேன். ஐஸ் எது, கல் எது என்று தெரிந்தது.

"கல்லுல வையுங்க. இந்தக் கல்லு. இதுல."

ஒரு அடி, இன்னொரு அடி என்று மேலே வந்து என் பக்கத்தில் சாய்ந்தார். அதற்குள் ஒதெத் பெரிய டார்ச்சோடு ஓடி வந்துவிட்டாள். அவரைத் தூக்கவில்லை, திட்டினாள்.

"ஒருத்தன் போனது பத்தலையா உங்களுக்கு? கிழவனுக்குப் புத்தி இருக்கா?"

"பழக்கம், ஒதெத்" என்றார் அவர். பல்லெல்லாம் கிடுகிடுத்தது. "வெளிச்சத்தைப் பாத்தா கால் தானா ஓடுது."

வேலிக் கம்பியில் ஒரு காய்ந்த மாலை கட்டியிருந்தது. அது எந்த இடம் என்று ஒதெத்தின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அகலைக் கீழே வைத்தேன். காற்று வந்து அதை அணைக்கும் வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.

மறுநாள் சாயங்காலம், அவர்களுடைய காலை காபி நேரத்தில், பெர்னார் காலில் கட்டோடு வந்து ஒரு கண்ணாடித் தகட்டை என்னிடம் கொடுத்தார். நட்சத்திரங்களைக் கண்ணாடியில்தான் படம் பிடிக்கிறார்கள். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒருவர் குழாயில் கண்ணை வைத்து, நட்சத்திரம் அசையாமல் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் புள்ளி கோடாகிவிடும். இந்தத் தகட்டில் எல்லாமே கோடு. அவர் இறங்கி ஓடி வந்த நேரத்து நீளம்.

"கெட்டுப் போயிடுச்சா?"

"எனக்கு உதவாது. உன் அம்மாவுக்குக் கொடு" என்றார். பிறகு, "இன்னிக்கும் நாளைக்கும் நாங்க கூடத்தைத் திறக்கல. நீ ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ" என்றார்.

அன்றும் மறுநாளும் விளக்கு ஏற்றினேன். ஜன்னலைத் திறக்கவில்லை. கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சாரத்துக்கு வந்து சேர்ந்த அன்று அம்மா பெட்டியைக் கூடத் திறக்கவில்லை.

"ஏத்துனியா?"

"ஏத்துனம்மா. மூணு ராத்திரி."

"வெளிச்சம் வெளிய தெரிஞ்சிதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. முதல் ராத்திரி ஏற்றாமல் தூங்கியது, ஒதெத்தின் ஜன்னல், பெர்னார் விழுந்தது, கடைசி இரண்டு நாள் நான் கதவைச் சாத்தி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணியை மட்டும் சொல்லவில்லை.

அம்மா கண்ணாடித் தகட்டை வாங்கி, பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"தூறல் மாரி கீது."

"அவரு ஓடி வந்தப்ப விழுந்த கோடும்மா."

"இவனும் இப்டித்தான் ஓடியிருப்பான்" என்றாள். விரலால் ஒரு கோட்டை இழுத்துப் பார்த்தாள். "அணைஞ்சது காத்துலதானே? நீ வாயால ஊதலியே?"

"காத்துலதான்."

"சரி."

தகட்டை அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். எங்கள் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது. விளக்கின் வெளிச்சம் வெளியே, குழாய்த்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் விழுந்தது. அந்த ஜன்னலை அம்மா எந்நாளும் சாத்தினதில்லை. புழுக்கம் தாங்காது அவளுக்கு.

காலை நீட்டி உட்கார்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"மல்லி, அந்த ஜன்னல சாத்திடுடி. எவனாவது இருட்டுல ஓடி வரப் போறான்."